கொசுறு எண்ணெய்

பார்ப்பதற்கே காசு கேட்கும் இடத்தில் இனி என் செருப்புகூடப் படாது என்று சபதம் எடுத்தேன்.

சபதம் எடுத்த இடம், எலக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டர். கேட்டவர்கள் கவுன்ட்டர் பெண்மணியும் என் மனைவியும். நம்பியவன் நான் ஒருவன்தான்.

விஷயம் இதுதான். நான் வாங்கிய பழைய எலக்ட்ரிக் காரில் ஏசி படுத்துவிட்டது. காற்று வருகிறது. ஆனால் சண்டை போட்டு முடித்த ஆள் மூஞ்சிக்கு நேராக மூச்சு விடுவதுபோல் சூடாக வருகிறது. அதைச் சொன்னதும் கவுன்ட்டர் பெண்மணி சிரித்த முகம் மாறாமல் சொன்னார்.

"முதல்ல கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கணும் சார். பார்க்கிறதுக்கு ஒரு சார்ஜ் இருக்கு."

"பார்க்கிறதுக்கா?"

"ஆமா சார்."

"அப்ப ரிப்பேருக்கு?"

"அது தனி சார். பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்."

எனக்கு உச்சந்தலையில் யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள். "அம்மா, நான் பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின் விக்கிறவன். என் கடைக்கு வாங்க. நாள் பூரா நின்னு பாருங்க. கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பாருங்க. பார்த்த காசுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயாவது வாங்கியிருக்கேனா?"

"வாங்கியிருந்தா பணக்காரராகியிருப்பீங்க. உங்க கடைக்கு வர்ற எல்லாரும் பார்த்துட்டுத்தானே போறாங்க," என்றாள் மனைவி.

அப்போதுதான் சபதம் எடுத்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பள்ளிக்கூடம் என்னை ஏறக்கட்டியபோது மீசைகூட முளைக்கவில்லை. நடைபாதையில் ஓடாத மின்விசிறியை விற்று மேலே வந்தவன். ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸரின் முனகலைக் கேட்டே அதன் மிச்ச ஆயுளைச் சொல்லிவிடுவேன். எவன் எந்த விலை சொன்னாலும் பாதியில் ஆரம்பிப்பேன். டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்றால்கூட ஒன்றரை வேளைக்குப் பேசிப் பார்ப்பேன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு கம்ப்ரெஸரைப் பற்றிப் பாடம் எடுக்க ஒருத்தர், அதற்குக் காசு வேறு.

மனைவியின் கவலை வேறு. அவள் வீட்டில் கிரீம் கேக் செய்து விற்கிறாள். கிரீம் கேக்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். இன்னொன்று, அவள் சொல்படி, நான். ஊரிலேயே பெரிய பேக்கரி ஒன்று அவளிடம் மூன்றடுக்குக் கேக் ஒன்று கேட்டிருந்தது. சனிக்கிழமை பகலில் அது உருகாமல் உருக்குலையாமல் போய்ச் சேர்ந்தால், தினமும் ஆர்டர். சேராவிட்டால் ஆர்டரும் கிரீமோடு சேர்ந்து வழிந்துவிடும். எங்கள் வீட்டில் ஏசி இருந்த ஒரே இடம் அந்தக் கார்.

"சனிக்கிழமைக்குள்ள வண்டி குளுகுளுன்னு இருக்கணும். இல்லன்னா சர்வீஸ் சென்டர்ல விட்டுடுவோம்," என்றாள்.

"நான் இருக்கேன்ல."

"அதான் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பானட்டைத் திறந்தேன். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கம்ப்ரெஸர்மேலும் வைத்துக் கேட்பது என் பழைய பாணி. குனிந்தேன்.

"ஏங்க, அதுல ஆரஞ்சு கலர் ஒயர் போகுது. அதுலதான் பெரிய கரண்ட். தொட்டீங்கன்னா நீங்கதான் ஜூஸ்."

கையை எடுத்துக்கொண்டேன். பயத்தினால் அல்ல. காது அரித்தது. தூரத்தில் நின்று கண்ணாலேயே ஆராய்ந்ததில் சட்டென்று விஷயம் பிடிபட்டது.

"கண்டுபிடிச்சுட்டேன். கம்ப்ரெஸரைச் சுத்துற பெல்ட் இல்லை. வண்டியை வித்தவன் பெல்ட்டைக் கழட்டிக்கிட்டான்."

"எலக்ட்ரிக் கார்ல எஞ்சினே கிடையாதேங்க. பெல்ட்டை எதுல மாட்டுவான்?"

"அப்ப எஞ்சினையும் கழட்டிக்கிட்டானா?"

கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போகும், மூளை பஸ் பிடித்துப் பின்னால் வரும். மூளை வருவதற்குள் வண்டியை விற்றவனுக்குப் போன் போட்டு, திருடன், கொள்ளைக்காரன், மரியாதையாக என் பெல்ட்டை அனுப்பு என்று கத்தி முடித்திருந்தேன். அவன் யாரையோ கூப்பிட்டு, "இங்க வா, ஸ்பீக்கர்ல போடறேன், கேளு," என்றான். வைத்துவிட்டேன்.

"அந்தக் கம்ப்ரெஸருக்குள்ளயே மோட்டார் இருக்காம்," என்றாள் மனைவி, போனைப் பார்த்துக்கொண்டே. "பேட்டரியிலிருந்து நேரா கரண்ட் எடுத்துச் சுத்துமாம்."

"எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

மோட்டார் உள்ளே இருக்கிற கம்ப்ரெஸர் என்றால் அது ஃப்ரிட்ஜ்தானே. ஃப்ரிட்ஜுக்கு நான் கண்ட வைத்தியம் ஒன்றே ஒன்று. கேஸ் அடி. எண்ணெய் ஊற்று. தட்டு.

என் கடைக்கு வழக்கமாக வரும் கேஸ்காரரை வரவழைத்தேன். சிலிண்டரும் மீட்டருமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், காரைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இந்த மாதிரி வண்டி நான் தொட்டதில்லை."

"வண்டியைத் தொடாதே. கேஸ் மட்டும் அடி. எவ்வளவு?"

சொன்னார். நான் பாதி சொன்னேன். அவர் சிலிண்டரைத் தூக்கித் திரும்ப ஸ்கூட்டரில் வைத்தார். நான் இழுத்து மூடிய கடை ஷட்டர்மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் சிலிண்டரை இறக்கினார். நான் முக்கால் சொன்னேன். முடிந்தது. ஆனால் விலை முடிந்தால் பேரம் முடிந்தது என்று நினைப்பவன் வியாபாரி இல்லை.

"சரி, கொசுறு என்ன?"

"கொசுறா? கேஸுக்கு என்னண்ணே கொசுறு?"

"கத்தரிக்காய் விக்கிறவன் கொத்தமல்லி போடறான்ல. பையில என்னவோ பாட்டில் தெரியுதே."

"அது கம்ப்ரெஸர் எண்ணெய்ணே. பெட்ரோல் காருக்கு ஊத்துறது. லீக் தெரியறதுக்குச் சாயமும் கலந்திருக்கு."

"சாயமும் சேர்ந்து கொசுறா? ஊத்து."

மனைவி பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். "ஏங்க, இதுல குறிப்பிட்ட எண்ணெய் பேர் போட்டு, வேற எதையும் ஊத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"அப்படித்தான் போடுவான். அவன் எண்ணெய் விக்கணும்ல. கம்ப்ரெஸருக்குத் தெரியுமா, ஊத்தறது பெட்ரோல் கார் எண்ணெயா எலக்ட்ரிக் கார் எண்ணெயான்னு?"

"கம்ப்ரெஸருக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணே, அண்ணி சொல்றதும்..." என்று இழுத்தார் கேஸ்காரர்.

"அண்ணி கேக்குக்குச் சொல்லட்டும். நீ ஊத்து. இன்னும் கொஞ்சம். பாட்டில்ல மிச்சம் வெச்சு என்ன பண்ணப்போறே, தலைக்கா தேய்ப்பே?"

ஊற்றினார். கேஸ் அடித்தார். கண்ணில் பட்ட சின்ன பிளக்குகளையெல்லாம் ஒரு அமுக்கு அமுக்கினார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

குளிர். அப்படி ஒரு குளிர். கண்ணாடியில் பனி படர்ந்தது. நான் ஏசிக்கு எதிரே சட்டையின் முதல் பட்டனைக் கழற்றிவிட்டு, தெருவில் போகிற ஆள் எல்லாம் பார்க்கும்படி கையைக் கட்டி உட்கார்ந்தேன். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு அந்தப் பெண்மணியிடம், "நான் பார்த்தேன். இலவசமா பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து அது வந்ததும் வெற்றி விழாவைச் சனிக்கிழமைவரை நீட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை. பின் சீட்டில் மனைவி. அவள் மடியில் மூன்றடுக்குக் கேக். அவளிடமும் லைசென்ஸ் உண்டு, ஆனால் என் வண்டியின் ஸ்டியரிங்கை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பாதி வழிவரை கேக் சிம்மாசனத்தில் அமர்ந்த மாதிரி வந்தது. சந்தை முக்கில் திரும்பும்போது திரையில் சிவப்பாக ஒரு வரி. வண்டியைப் பத்திரமாக ஓரத்தில் நிறுத்தவும்.

"நிறுத்தறதா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்," என்றேன்.

வண்டி முடிவு பண்ணிவிட்டிருந்தது. உருண்டு போய் ஒரு பூட்டிய கடைமுன் நின்றது. ஏசி நின்றது. பட்டனை அமுக்கினேன். திட்டினேன். இறங்கி டயரை உதைத்தேன். நாலாவது வைத்தியம் என்னிடம் இல்லை.

"ஏங்க, மேல் மாடி சாயுது."

திரும்பிப் பார்த்தேன். கேக்கின் மேலடுக்கு, பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்குகிறவனைப்போல மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. கிரீம் ரோஜா ஒன்று மூக்கு ஒழுகத் தொடங்கியது.

"புடி, புடி. நான் பானட்டைத் திறக்கறேன்."

"நீங்க எதையும் திறக்காதீங்க. கதவை மட்டும் திறங்க."

இறங்கினாள். அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் வேன் ஒன்று பாட்டு போட்டுக்கொண்டு வந்தது. மனைவி கேக்கோடு நடுரோட்டில் நின்றாள். வேன்காரர் பிரேக் அடித்தார். அவள் ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அவர் உடனே இறங்கி, குளிர்பெட்டியில் குச்சி ஐஸ்களை ஒதுக்கி இடம் பண்ணினார். கேக் உள்ளே. மனைவி முன் சீட்டில்.

"எவ்வளவு கேக்கறான்? நான் பேசட்டுமா?" என்று கத்தினேன்.

வேன் பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டது.

அவள் அந்தப் பக்கம் போனாள், நான் இழுவை வண்டிக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு இழுக்கக் காசு, சர்வீஸ் சென்டருக்கு என்றால் இலவசம் என்றார்கள். இலவசம் என்ற வார்த்தைக்குமுன் நான் பலவீனமானவன். சபதத்தைச் சோதித்துப் பார்த்தேன். செருப்புப் படாது என்றுதான் சொல்லியிருந்தேன். அன்று நான் போட்டிருந்தது ஷூ.

மனைவி பேக்கரியிலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்தாள். கேக் பத்திரம், தினசரி ஆர்டர் உறுதி. ஆனால் தினமும் ஐஸ்கிரீம் வேனை மறிக்க முடியாது. முழங்கைவரை ரப்பர் கையுறை போட்ட மெக்கானிக் ஏதோ மீட்டரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பார்த்த காசை மனைவி எனக்குத் தெரியாமல் கட்டியிருந்தாள். தெரிந்திருந்தால் மெக்கானிக்கின் கண்ணை மூடியிருப்பேன்.

"கம்ப்ரெஸரோட ஒயரைக் கழட்டிட்டுச் சோதிச்சா கோளாறு இல்லை. மாட்டினா கோளாறு வருது. அப்ப சிக்கல் கம்ப்ரெஸருக்குள்ளதான்," என்றார் மெக்கானிக். "இதுல மோட்டாரே எண்ணெய்ல குளிக்கும் சார். அது கரண்டைக் கடத்தாத எண்ணெயா இருக்கணும். வேற எண்ணெய் கலந்தா கரண்ட் வண்டி பாடிக்குக் கசியும். கசிஞ்சா வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கும். வெளிய ஏதாவது எண்ணெய் ஊத்தினீங்களா?"

"தேங்காய் எண்ணெய்கூட ஊத்தலை."

மனைவி கூரையைப் பார்த்தாள். மெக்கானிக் நீல வெளிச்சம் வரும் டார்ச்சை எடுத்துக் குழாயின் வாயில் அடித்தார். உள்ளே கிளிப்பச்சையாக ஜொலித்தது.

"எங்க எண்ணெய் இப்படி மின்னாது சார்."

"அது கம்ப்ரெஸரோட ஒரிஜினல் கலரா இருக்கும்."

"கம்ப்ரெஸர், குழாய், எல்லாம் மாத்தணும் சார். அதோட, முதல்ல ஏசி ஓடாததுக்குக் காரணம் கம்ப்ரெஸர் இல்லை. கேஸ் அழுத்தம் பார்க்கிற சென்ஸாரோட பிளக் லேசா கழன்றிருந்திருக்கு. கம்ப்யூட்டர்ல பழைய கோளாறு பதிவாகியிருக்கு. யாரோ அப்புறம் அமுக்கி விட்டிருக்காங்க."

அதாவது கேஸ்காரரின் ஒரு அமுக்கிலேயே ஏசி சரியாகிவிட்டது. கொன்றது கொசுறு.

தொகையைச் சொன்னார்கள். நான் பாதி சொன்னேன். கவுன்ட்டர் பெண்மணி சிரித்தார். முக்கால் சொன்னேன். அதே சிரிப்பு. சுவரோடு பேரம் பேசியிருந்தால்கூடச் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்.

"ஏசியைக் கழட்டி எறிஞ்சுட்டு வண்டியை மட்டும் கொடுங்க."

"முடியாது சார். பேட்டரியைக் குளிர வைக்கிறதும் இதே கம்ப்ரெஸர்தான்."

"ஒரு பைசா தர மாட்டேன். இழுத்துட்டுப் போறேன்."

காசு கொடுத்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். வண்டி வாசலில் நின்றது. மனைவி தினமும் வாடகை வண்டியில், கேக்கைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்கிக்கொண்டு போனாள். நான் தினமும் மாலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணெயை உறிஞ்ச வாக்குவம் கிளீனரைக் கொண்டுபோன அன்று அவள் வந்து பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் எனக்கு ஞானம் பிறந்தது. ரிப்பேர் செய்பவன் ஏமாளி. விற்பவன் வியாபாரி. விளம்பரம் கொடுத்தேன். சிறு கோளாறு, தங்கமான வண்டி.

மறுநாளே ஒருத்தர் வந்தார். கனமான ஆள். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கூடத்தில் வந்து உட்கார்ந்தார். விலையைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒரு சில்லைத் துடைத்தார்.

எனக்கு எதிராளி கத்தினால் பிடிக்கும். அழுதால் பிடிக்கும். எழுந்து போனால் ரொம்பப் பிடிக்கும், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பேன். சும்மா உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது?

"சரி, உங்களுக்காகக் கொஞ்சம் குறைக்கறேன்."

துடைத்தார்.

"நீங்க நல்ல மனுஷனா தெரியறீங்க. இன்னும் குறைக்கறேன்."

அடுத்த சில்லைத் துடைத்தார்.

"டயர் புதுசுங்க. பாதி விலை. இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

அப்போதுதான் வாயைத் திறந்தார். "கொசுறு எண்ணெயா?"

இப்படி ஒரு நிபுணனை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். மனைவி கிரீமை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆளு பெரிய கெட்டிக்காரன். கண்டுபிடிச்சுட்டான்."

"ஐயோ, வித்துடாதீங்க. ராசியான வண்டி. நாமளே காசு கொடுத்து ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"உன் பேச்சைக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்."

"கால் விலைக்கெல்லாம் கேட்டா கொடுத்துடாதீங்க. சொல்லிட்டேன்."

அவள் கொடுக்காதே என்றதும் எனக்கு முடிவு வந்துவிட்டது. கூடத்துக்குப் போய்க் கால் விலைக்குக் கை நீட்டினேன். அவர் குலுக்கினார். செத்த வண்டியை ஒருத்தன் தலையில் கட்டிவிட்ட சந்தோஷத்தில், அவர் வரவழைத்த இழுவை வண்டி காரை இழுத்துப்போக, தெருமுனைவரை போய் வழியனுப்பினேன். பணத்தை வழக்கம்போல மனைவியிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் சம்பாதிப்பது என் துறை, பத்திரப்படுத்துவது அவள் துறை.

அவள் வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் காலையில் கடைக்குக் கிளம்பி வெளியே வருகிறேன். வாசலில் என் கார். கண்ணாடியில் பனி படர்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் என் மனைவி. கண்ணாடியை இறக்கினாள். சில்லென்று காற்று என் மூஞ்சியில் அடித்தது.

"இது எப்படி இங்க வந்துது?"

"ஓட்டிட்டு வந்தேன்."

"அந்த ஆளுகிட்ட போய் ஏண்டி வாங்கினே? ஏமாத்துக்காரன்."

"அவரு வாங்கவே இல்லையே. எனக்காகப் பேச வந்தாரு. நான் கேக் கொடுக்கற பேக்கரி முதலாளி."

"பேச வந்தானா? அவன் வாயையே திறக்கலையே."

"பேசாம உக்காந்திருக்கச் சொன்னதே நான்தான். நீங்க தனியாவே பேரம் பேசி இறங்கிடுவீங்கன்னு சொன்னேன். அவரு நம்பலை. திரும்பிப் போறப்ப வழியெல்லாம் சிரிச்சாராம்."

"வண்டி வாங்கினது யார் பணம்?"

"என் கேக் பணம்."

"சரி. ரிப்பேருக்கு?"

"நீங்க வண்டியை வித்து என்கிட்ட கொடுத்தீங்களே, அது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் பணம் என்னிடம் வந்தது. நான் அன்றைக்கே அவளிடம் கொடுத்தேன். அவள் அதை சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்தாள். ஆக, எந்த இடத்துக்கு ஒரு பைசா தர மாட்டேன் என்றேனோ அங்கே முழுத் தொகையும் கொடுத்தது நான். குறைக்காமல் கொடுத்ததும் நான். கார் மட்டும் என்னுடையதில்லை.

"இதுக்கு எதுக்குடி இவ்வளவு நாடகம்? நேரா என்கிட்ட கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா?"

யோசித்தேன். பாதியில் ஆரம்பித்திருப்பேன்.

"உங்க வண்டியா இருந்தா நீங்க திரும்பவும் பானட்டைத் திறப்பீங்க," என்றாள். "என் வண்டின்னா தொட மாட்டீங்க. ஏறுங்க, கடையில விடறேன்."

முன் கதவைத் திறந்தேன். சீட்டில் பெல்ட் போட்டு ஒரு கேக் உட்கார்ந்திருந்தது. பின்னால் போய் ஏறினேன். ஏசி முழு வேகத்தில் அடித்தது. தெரு திரும்புவதற்குள் பல் தந்தி அடித்தது. கையை அக்குளில் சொருகிக்கொண்டு, இருந்த மரியாதையை எல்லாம் குரலில் திரட்டி, ஏசியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"இருங்க," என்றாள், "கேக்கைக் கேட்டுச் சொல்றேன்."